உப்புத் தண்ணீர் ஊரில் ஒரு ஹீட்டர்

"ராமநாதபுரம் பக்கம் வெந்நீரா? உங்க ஊர்ல குழாயைத் திறந்தாலே வெந்நீர்தானே கொட்டும்!" என்று சென்னைச் சொந்தங்கள் கேலி செய்வார்கள். சித்திரை, வைகாசியில் அது நிஜம்தான். பகல் 12 மணிக்கு மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஆனால் ஐப்பசி பிறந்து காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிட்டால் எங்கள் தீவின் கதையே வேறு. பனி கொட்டுகிற ஊர் இல்லைதான். ஆனாலும் விடியற்காலையில் ஈர உடம்பின் மேல் கடலிலிருந்து வாடைக்காற்று அடித்தால் பல் கிட்டிக்கொள்ளும். அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு நடுங்கிக்கொண்டு வரும் வடநாட்டு யாத்ரீகர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதிலும் மூன்று பேருக்கு வெந்நீர் இல்லாமல் ஆகாது. பிள்ளை பெற்றவள், கைக்குழந்தை, முட்டிவலிக்காரர். போன மார்கழியில் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேத்தி பிறந்து 20 நாள். என் மாமியாருக்கு வயது 81. வீட்டுக்காரர் துபாயில் இருப்பதால், எது பழுதானாலும் ஸ்க்ரூ டிரைவர் என் கையில்தான். மிக்ஸி, ஃபேன், மோட்டார் எல்லாம் இத்தனை வருஷத்தில் பழகிவிட்டன. என்னை அதிகம் வேலை வாங்கியது வாட்டர் ஹீட்டர். அதற்குக் காரணம் ஹீட்டர் இல்லை, தண்ணீர் என்று கண்டுபிடித்ததுதான் நான் சொல்லப்போகும் விஷயம்.

முதலில் அத்தையின் செம்பு பாய்லரைச் சொல்லிவிடுகிறேன். அவர் சீராகக் கொண்டுவந்தது. நடுவில் ஒரு குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் தணல். எரிக்கத் தேங்காய்ச் சிரட்டை, பனை மட்டை, இல்லாவிட்டால் சீமைக்கருவேலங்கரி. கரிக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. உள்நாட்டுப் பக்கம் போனால் ஊருக்கு ஊர் கரிமூட்டம் புகையும். அந்த பாய்லருக்கு வரும் வியாதி இரண்டுதான். குழாய் ஒழுகும், அல்லது பற்றவைத்த இடம் விட்டுப்போகும். தண்ணீர் இல்லாமல் தணலைப் போட்டால் ஈயப் பற்று உருகிவிடும். "தண்ணிய ஊத்திட்டுத்தான் தணலைப் போடணும். தணலை எடுத்துட்டுத்தான் தண்ணிய வடிக்கணும்." அத்தை எனக்குக் கொடுத்த 'யூசர் மேனுவல்' அவ்வளவுதான். கரண்ட் ஹீட்டருக்கும் இந்த விதி அப்படியே பொருந்தும். தொட்டி காலியாக இருக்கும்போது சுவிட்சைப் போட்டால் உள்ளே காயில் எரிந்துபோகும்.

எங்களுடையது 25 லிட்டர், 2,000 வாட். சுவரில் பானை மாதிரித் தொங்குமே, அந்த ரகம். மூடியைக் கழற்றிப் பார்க்காதவரை அது பெரிய மர்மம் போலத் தெரியும். உள்ளே இருப்பவை சொற்பம்தான். ஒரு இரும்புத் தொட்டி, அதற்குள் கண்ணாடிப் பூச்சு. தண்ணீரைச் சூடாக்கும் காயில். சூடு போதும் என்றதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட். அது மக்கர் செய்தால் காப்பாற்ற ஒரு கட்-அவுட். வெளியே, குளிர்தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சேஃப்டி வால்வு. கூடவே, கடையில் வாங்கும்போது யாரும் சொல்லாத ஒரு பொருள் உள்ளே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வந்த புகார், "சூடாக ரொம்ப நேரம் ஆகுது." கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டால் காயிலை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 25 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற, 2,000 வாட் காயிலுக்கு 26 நிமிடம் ஆகும். செலவு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. எங்கள் வீட்டில் 45 நிமிடம் ஆனது. மல்டிமீட்டரை பிளக் பாயின்டில் வைத்துப் பார்த்தால், மாலை 6 மணிக்கு 180 வோல்ட்தான் காட்டியது. வோல்டேஜ் கால் பங்கு குறைந்தால் சூடும் கால் பங்குதான் குறையும் என்று நினைப்போம். அப்படி இல்லை. 230-க்கு 2,000 வாட் தரும் காயில், 180-க்கு 1,225 வாட்தான் தரும். கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடுகிறது. எங்கள் வீடு லைனில் கடைசிக் கம்பத்தில் இருக்கிறது. எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடும் நேரம் அது. ராத்திரி 10 மணிக்குப் போட்டால் அரை மணியில் சூடாகிவிட்டது. காயிலுக்கு வைத்த பணம் பர்ஸிலேயே இருந்தது.

அடுத்தது, சூடே ஆகாமல் நின்றது. இது எளிது. மெயினை அணைத்து அடிமூடியைக் கழற்றினால் சின்னதாக ஒரு பட்டன் துருத்திக்கொண்டிருக்கும். அழுத்தினால் 'டிக்' என்று உள்ளே போகும். அதுதான் கட்-அவுட். ஆனால் அழுத்திவிட்டு நிம்மதியாகப் போய்விடக் கூடாது. அது ஏன் வெளியே வந்தது என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் அது 3 வாரத்தில் 2 முறை வந்தது. அதே நாட்களில் ஹீட்டருக்குள்ளிருந்து இட்லிப் பானை கொதிப்பது போல 'கடகட'வென்று சத்தம். இரண்டும் ஒரே வியாதியின் அறிகுறிகள் என்பது அப்போது சந்தேகமாகத்தான் இருந்தது.

மூன்றாவது புகாரைச் சொன்னவள் மகள். குளியலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அம்மா, குழாயைத் தொட்டா சுர்ருங்குதும்மா."

அப்போதே மெயினை அணைத்தேன். நிறைய வீடுகளில் இந்தச் 'சுர்ரு'க்குச் செருப்பு போட்டுக் குளிப்பதுதான் வைத்தியம். "எங்க வீட்லயும் அப்படித்தான் இருக்கும்" என்று சர்வசாதாரணமாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இது சாதாரணமே இல்லை. ஈர உடம்பு, ஈரத் தரை, கையில் குழந்தை. நினைத்தாலே வயிறு கலங்கும்.

என்ன நடக்கிறதென்றால், காயில் என்பது வெறும் கம்பி இல்லை. ஒரு உலோகக் குழாய்க்குள் சூடாகும் கம்பி இருக்கும். குழாய்க்கும் கம்பிக்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைக் கெட்டித்திருப்பார்கள். அந்தப் பொடி சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் பொடி ஈரமாகிவிடும். கரண்ட் தண்ணீருக்குள் கசியும். நல்ல தண்ணீர் கரண்டைக் குறைவாகக் கடத்தும், உப்புத் தண்ணீர் தாராளமாகக் கடத்தும். குழாய் பிளாஸ்டிக்தானே என்று தைரியமாக இருக்க முடியாது. குழாய்க்குள் ஓடுவது உப்புத் தண்ணீர்.

"அப்போ எம்.சி.பி. விழணுமே?" என்று கேட்பீர்கள். விழாது. எம்.சி.பி. பார்ப்பது ஷார்ட் சர்க்கியூட்டையும் அளவுக்கு மீறிய லோடையும்தான். 2,000 வாட் ஹீட்டர் சாதாரணமாகவே 9 ஆம்பியர் வரை இழுக்கும். ஆளைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். இந்தக் கசிவைப் பிடிப்பது ஆர்.சி.சி.பி. என்ற வேறொரு சாதனம். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று அது எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். எங்கள் வீட்டுப் பழைய போர்டில் அது இல்லை. சரி, எர்த் இருக்கிறதே, கசிந்த கரண்ட் அந்த வழியாக மண்ணுக்குள் போயிருக்க வேண்டுமே? கொல்லையில் எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தேன். குழாயும் இருந்தது, வயரும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்த கிளாம்ப் மட்டும் துருவாகி, தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். "உங்க ஏரியாவுக்கு ஆள் வர நாலு நாள் ஆகும் மேடம். உப்புத் தண்ணின்னா வாரன்டி வராது. புதுசா வாங்கிடுங்களேன்" என்றது ஒரு இனிய குரல். அந்த நாலு நாளும் யார் கைகொடுத்தது தெரியுமா? பரணில் கிடந்த செம்பு பாய்லர். புளியைப் போட்டுத் தேய்த்து, கொல்லையில் வைத்துத் தணலைப் போட்டாயிற்று. அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அதான் வச்சிருக்கேன்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார், ஒரு நாளைக்கு நாலு முறை. (கரி பாய்லர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதைக் கொல்லையிலோ முற்றத்திலோதான் வைக்க வேண்டும். மூடிய குளியலறைக்குள் கரித்தணல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இருக்காது. மயங்கி விழுவதற்கு முன்னால் தெரியவே தெரியாது.)

இனி ஹீட்டரைத் திறந்த கதை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், அணைத்த சுவிட்சுக்கு அப்பாலும் கரண்ட் இருக்கும். அதனால் எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கை உருவி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன். உள்வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அடியில் பக்கெட் வைத்துத் தண்ணீரை வடித்தேன். அடித்தட்டில் 5 நட்டு. அத்தை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். "ஏத்தா, கரண்ட்டுல கைய வைக்கிற... அவன் வந்து என்னைக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" "கரண்ட்டை எடுத்துட்டேன் அத்தை. இது வெறும் பானைதான் இப்போ."

ஐந்தாவது நட்டு கழன்றதும் கொட்டியதைப் பார்த்து இருவருமே வாயடைத்துப் போனோம். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டது போல வெள்ளைச் சில்லுகள், ஒரு படி இருக்கும். காயிலைச் சுற்றி விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு. 'கடகட' சத்தத்துக்கும், கட்-அவுட் விழுந்ததற்கும் விடை அதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடு பட்டால் கல்லாகிப் படியும். அந்தப் படிவு செம்பைவிட நூறு மடங்குக்கும் குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும். காயில் போர்வைக்குள் புழுங்கும். தெர்மோஸ்டாட்டின் மேலும் அதே போர்வை என்பதால், சூடு ஏறியது அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். அதற்குள் கட்-அவுட் முந்திக்கொள்ளும்.

சுண்ணாம்பைத் தட்டி எடுத்து, மல்டிமீட்டரில் காயிலின் இரண்டு முனைகளையும் தொட்டேன். 27 ஓம். 2,000 வாட் காயிலுக்குச் சரியான கணக்கு. வேறொருவர் இதோடு நிறுத்தி, "காயில் நல்லாருக்கு" என்று மாட்டிவிடுவார். ஒரு முனையையும் காயிலின் வெளிக்குழாயையும் தொட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். அங்கே மீட்டர் அசையவே கூடாது. எங்களுடையது அசைந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வளைவில் கடுகு போல இரண்டு கரும்புள்ளிகள். மகள் கையில் 'சுர்ரெ'ன்றது அந்த இரண்டு புள்ளிகளின் வழியாகத்தான்.

அந்தத் தட்டிலேயே காயிலுக்குப் பக்கத்தில் மெலிதாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. எதற்கும் உதவாத கம்பி போல. ஆரம்பத்தில், 'யாரும் சொல்லாத பொருள்' என்றேனே, அது இதுதான். ஆனோடு ராடு. புதிதாக இருக்கும்போது சுண்டுவிரல் பருமனில் மெக்னீசியம் தண்டாக இருந்திருக்கும். எங்களுடையதில் மெக்னீசியம் மொத்தமும் கரைந்து, உள்ளே இருந்த கம்பி மட்டும் மிச்சம்.

அதன் வேலையே கரைவதுதான். இரண்டு உலோகங்கள் ஒரே உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு இருந்தால், அவற்றில் இளகிய குணம் உள்ளது முதலில் அரிக்கப்படும். மற்றது பிழைத்துக்கொள்ளும். மெக்னீசியம் கரையும்வரை இரும்புத் தொட்டிக்கு ஆபத்து குறைவு. கரைந்து முடிந்ததும் அரிப்பு தொட்டியின் பக்கம் திரும்பும். 1824-ல் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி செய்து காட்டியது இது. கடற்படைக் கப்பல்களின் அடியில் அடித்திருந்த செம்புத் தகடுகள் அரிக்கப்படாமல் இருக்க, அவற்றோடு சின்னத் துத்தநாக, இரும்புத் துண்டுகளைச் சேர்த்தார். செம்பு தப்பித்தது. ஆனால் அரிக்கப்படாத செம்பில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்துவிட்டதாம். பாவம், கடற்படை அந்த யோசனையைக் கைவிட்டது. இன்றைக்கு இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகள் இல்லாமல் இல்லை.

துருவைப் பற்றி எங்கள் ஊருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 100 வருஷத்துக்கும் மேலாகப் பெயின்ட் அடித்து, தகடு மாற்றி, ஓயாத வேலை நடந்தது. கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு, உப்புக் காற்றைத் தாங்கும் விசேஷப் பூச்சு அடித்திருக்கிறார்கள். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், துருவை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து, எது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்ப்பதற்கு எங்கள் கரை அவ்வளவு தோது! அப்படிப்பட்ட ஊரில், குளியலறைச் சுவரில் தொங்கும் இரும்புப் பானை என்ன பாடு படும்?

புதுக் காயில், புது ஆனோடு, கேஸ்கெட் மூன்றுக்கும் ராமநாதபுரம் பஸ் ஏறினேன். 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. புது ஹீட்டர் என்றால் அதைப் போல ஐந்து மடங்கு. தொட்டிக்குள் மிச்சமிருந்த சுண்ணாம்பை சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினேன். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். அது சுண்ணாம்பையும் கரைக்கும், கூடவே காயிலையும் கரைக்கும்.

ஆனால் அதே தண்ணீரை ஊற்றினால் அதே சுண்ணாம்பு. மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டில் மாற்றியது இது இரண்டாவது காயில். அதற்கு முந்தைய காயில் எட்டு வருஷம் ஓடியது. நடுவில் என்ன மாறியது என்று யோசித்தால், போர். 40 அடி போர் வற்றிவிட்டது என்று 80 அடிக்கு இறக்கியிருந்தோம்.

தீவில் மணலை ஆறேழு அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். என் மாமனார் காலத்தில் கொல்லையில் ஊற்றுதான் இருந்தது. கடலுக்கு இத்தனை பக்கத்தில் எப்படி? மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் தண்ணீர் நாற்பதில் ஒரு பங்கு கனம் அதிகம். அதனால் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது ஒரு கணக்கு. மேலே உறிஞ்சி அந்த ஒரு அடியைக் குறைத்தால், கீழே உப்பு 40 அடி ஏறி வரும். இன்னும் ஆழமாகத் துளைத்தால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பது உள்நாட்டுக் கணக்கு. இங்கே ஆழம் போனால் கடல்தான்.

300 ரூபாய்க்குப் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. எங்கள் போர் தண்ணீரில் 2,900 காட்டியது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் 460. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம். மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நம் வீட்டுப் பெண்களிடம் அதைவிட நல்ல சோதனை இருக்கிறது. "ஊருணித் தண்ணியில பருப்பு மலரும். போர் தண்ணியில வேகாது" என்பார் அத்தை. சோப்பு நுரைக்காத தண்ணீரும் பருப்பு வேகாத தண்ணீரும் ஹீட்டருக்குள்ளும் சுண்ணாம்பாகத்தான் படியும்.

இதற்குச் செய்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மொட்டை மாடியில் 100 லிட்டரில் தனியாக ஒரு சின்னத் தொட்டி. அதிலிருந்து ஹீட்டருக்கு மட்டும் தனிக் குழாய். காவிரித் தண்ணீர் வரும் நாளில் அதை நிரப்பிக்கொள்கிறோம். குளிக்கிற தண்ணீர் முழுவதும் காவிரியாக இருக்க வேண்டியதில்லை. வெந்நீர் மட்டும் நல்ல தண்ணீர், விளாவுவது பக்கெட்டில் போர் தண்ணீர். குழந்தைக்கு மட்டும் இரண்டும் நல்ல தண்ணீர். குடத்தைத் தள்ளுவண்டியில் அடுக்கித் தண்ணீருக்கு அலையும் மாவட்டத்தில், ஹீட்டருக்குக் காவிரியா என்று கேட்டால் நியாயம்தான். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் விழும் மழைத் தண்ணீரையும் அதே தொட்டிக்குத் திருப்பியிருக்கிறேன். முதல் மழை மாடியில் படிந்த உப்பைக் கழுவிப் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். பிறகு வருவதில் சுண்ணாம்பு இல்லவே இல்லை. வெந்நீர் தேவைப்படும் மாதங்களும் மழை பெய்யும் மாதங்களும் இங்கே ஒன்றாக அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

தெர்மோஸ்டாட்டையும் 55-க்கும் 60-க்கும் நடுவில் வைத்தாயிற்று. அதற்கு மேல் போகப் போகச் சுண்ணாம்பு வேகமாகப் படியும்.

இதையெல்லாம் லண்டனில் இருக்கும் என் தம்பியிடம் வீடியோ காலில் காட்டினேன். அவன் வீட்டிலும் இதே பாடுதான். அங்கே தண்ணீர் பூமிக்கடியில் சுண்ணாம்புப் பாறை வழியாக வருகிறது. அவன் வீட்டில் ஹீட்டர் இல்லை, கேஸில் எரியும் பாய்லர். குளிக்க வெந்நீர் தருவதும் அதுதான். அறைக்கு அறை சுவரில் இருக்கும் ரேடியேட்டர்களுக்குள் சுடுதண்ணீரைச் சுற்றவிட்டு வீட்டையே சூடாக வைப்பதும் அதுதான். அது நின்றுபோனால் தம்பி முதலில் பார்ப்பது பிரஷர் மீட்டரை. ஆறியிருக்கும்போது முள் 1-க்கும் 1.5 பாருக்கும் நடுவில் இருக்க வேண்டும். இறங்கியிருந்தால் ஒரு சின்னக் குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றுவான். ரேடியேட்டர் மேலே சில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால், உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. ஒரு சாவியைத் திருகிக் காற்றை வெளியேற்றுவான். "அவ்ளோதான்க்கா என் வேலை. கேஸ் இருக்கிற பக்கம் நான் மூடியைக்கூடத் தொட மாட்டேன்" என்றான். கேஸ் வேலைக்கு 'கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்' என்ற பதிவேட்டில் இருப்பவர்தான் வர வேண்டும் என்பது அங்கே சட்டம். 2009-லிருந்து அந்தப் பதிவேடு நடப்பில் இருக்கிறது.

நமக்கும் அந்த மாதிரி ஒரு கோடு வேண்டும் என்று எனக்குத் தோன்றும். வீட்டுக்கு வீடு அது மாறலாம். என் கோடு இது: மெயினை அணைத்துவிட்டுச் செய்யக்கூடிய வேலை என்னுடையது. காயில், ஆனோடு, கேஸ்கெட், சுண்ணாம்பு, குழாய் எல்லாம் அதில் அடங்கும். போர்டுக்குள்ளும் எர்த்திலும் நான் கை வைப்பதில்லை. லைசென்ஸ் வைத்திருக்கும் வயர்மேன் தம்பியை வரச்சொன்னேன். மழையில் 3 நாள் கழித்து வந்தார். எர்த் குழியில் புதுக் குழாய் இறக்கி, கிளாம்பின் மேல் கிரீஸ் பூசி, போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டினார். போகும்போது, "அக்கா, இதுல 'டெஸ்ட்'னு ஒரு பட்டன் இருக்கு. மாசம் ஒரு தடவை அமுக்குங்க. விழுகலைன்னா எனக்கு போன் பண்ணுங்க" என்றார். விழுந்த பிறகுதான் போன் பண்ணுவது நம் ஊர் வழக்கம்!

சேஃப்டி வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. ஹீட்டர் சூடாகும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடானால் ஒரு டம்ளருக்கு மேல், சுமார் 350 மில்லி, பெருக்கிறது. அது எங்கேயாவது போயாக வேண்டும். 'ஒழுகுது' என்று எம்-சீல் வைத்து அடைத்த வீட்டை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒன்றாக மக்கர் செய்யும் நாளில், அந்தத் தொட்டி வெடிக்கும். அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லி அன்றைக்கே வால்வை மாற்ற வைத்தேன். இப்போது அவர் வீட்டிலும் சொட்டுகிறது, அடியில் ஒரு மக் வைத்திருக்கிறார்.

மகள் பேத்தியை எடுத்துக்கொண்டு பங்குனியில் கிளம்பிவிட்டாள். அத்தை மட்டும் இன்னும் பாய்லர் தண்ணீரில்தான் குளிக்கிறார். ஹீட்டர் வெந்நீரில் வாசனை இல்லையாம்! ஆனோடு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க ஹீட்டரை ஆடியில் திறக்க வேண்டும். மறக்காமல் இருக்க மார்க்கர் பேனாவில் அடிமூடியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். திறந்தால் பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போட முடியாது, புதிது வேண்டும். போன வாரம் ராமநாதபுரம் போயிருந்தபோது கேட்டேன். கடைக்காரரிடம் 4 ஓட்டை உள்ளதுதான் இருக்கிறது, எங்களுடையது 5. அடுத்த வாரம் மதுரையிலிருந்து வருமாம்.